அடம்பம்பூவில் ஆற்றுத் தண்ணீர்

ஆவணி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, கோடிமணல் கடற்கரையில் படர்ந்து கிடந்த அடம்பங்கொடியின் பூக்களில் தண்ணீர் வந்தது. வந்தது என்றால் பனி இறங்கினாற்போல ஒட்டிக்கொண்டு வரவில்லை, விளிம்பு வரைக்கும் தளும்பிக்கொண்டு வந்தது. பூ என்னவோ வழக்கமான பூதான், ஊதாவும் சிவப்பும் கலந்த புனல் மாதிரியான பூ, விடியலில் விரிந்து உச்சி வெயிலில் சுருண்டுபோகிற அதே பூ. ஆனால் ஒன்றைச் சாய்த்தால் ஒரு சொம்பு நிறைந்தது, பத்தைச் சாய்த்தால் ஒரு குடம் நிறைந்தது, சாய்த்த பிறகும் பூவின் அடித்தொண்டையில் இன்னும் கொஞ்சம் மினுங்கிக்கொண்டிருந்தது. முதலில் குடித்தது பட்டம்மாவின் ஆடு. ஆடு குடித்ததைப் பார்த்துப் பட்டம்மா குடித்தாள், பட்டம்மா குடித்ததைப் பார்த்து அவள் தெரு குடித்தது, தெரு குடித்ததைப் பார்த்து ஊரே குடித்தது.

இது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்கணும்? கோடிமணலில் கிணறு வெட்டினால் உப்பு, பம்பு அடித்தால் உப்பு, உப்புத் தண்ணீரில் வெந்த சோற்றைத் தின்று உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து வாழ்கிற சனம், நல்ல தண்ணீருக்கு என்றைக்காவது வருகிற லாரியின் பின்னால் ஓடி ஓடிக் குடத்தை நெளித்துக்கொண்ட சனம். அப்படிப்பட்ட ஊரில் பூவில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தேடுவார்களா, காரணத்தைத் தேடுவார்களா? நல்லா கேட்டீங்க போங்க.

மறுநாளே ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. அடம்பு மேல் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. வலையை அதன் மேல் காயப்போடக் கூடாது. கருவாட்டைத் தெற்கே தள்ளிக் காயவைக்கணும். ஆட்டைக் கட்டிப்போடணும், பட்டம்மாவின் ஆட்டுக்கு மட்டும் முதல் பூவில் உரிமை உண்டு, கண்டுபிடித்தது அதுதானே. டீக்கடைக்காரர் 'அடம்பம்பூ தண்ணி டீ' என்று எழுதிப் போட்டார், அன்றைக்கே பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பைக் வந்து நின்றது. பிள்ளைகள் பூவை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனார்கள். குளிக்கிற கிழவர்கள் இன்னொரு தடவை குளித்தார்கள். அந்த வாரம் கோடிமணலில் பருப்பு வெந்தது. அதுவரைக்கும் அந்த ஊரில் பருப்பு முழுசாக வெந்ததே கிடையாது என்றால் நம்புவீர்களா?

ஊரே கூத்தும் கும்மாளமுமாகக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அஞ்சப்பனின் பெண்டாட்டி தையல்நாயகி. கையில் பூ, வாயில் தண்ணீர், விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது.

"ஏண்டி தையலு, புரை ஏறிடுச்சா?" என்று பட்டம்மா முதுகில் தட்டினாள்.

தையல்நாயகி விழுங்கினாள். "அக்கா, இது எங்க ஊருத் தண்ணி."

"என்னது?"

"எங்க மங்கையாத்துத் தண்ணிக்கா. எங்க அண்ணன் படித்துறைத் தண்ணி. களிமண்ணு வாசமும் கோரை வேரு வாசமும் சேர்ந்து வருது பாரு, பொறந்ததுலேருந்து குடிச்ச தண்ணி, எனக்குத் தெரியாதா?"

பட்டம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆமாடி, கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பாத அண்ணன், உனக்குப் பூவுல அடைச்சுத் தண்ணி அனுப்பிட்டாராக்கும். எந்திரி, குடத்தை எடு."

சிரித்தாளே தவிர, பட்டம்மாவுக்கு அது எப்பேர்ப்பட்ட இடம் என்று தெரியும். ஊருக்கே தெரியும். தையல்நாயகி நடுவாய்க்கால்காரி. மங்கையாற்றங்கரையில் நெல்லும் உளுந்தும் போடுகிற ஊர் அது, கோடிமணலிலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் பிடித்தால் போய்விடலாம். அந்த ஊருக்கு மொபெட்டில் மீன் விற்கப் போன அஞ்சப்பனைப் பார்த்தாள், பேசினாள், ஒருநாள் அதே மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டாள். அப்பா அம்மா இல்லாத அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் உத்திராபதி, "வலைக்காரனோட போனவ என் படித்துறையில கால் வைக்கக் கூடாது" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தியதோடு சரி, அப்புறம் அவள் பேரையே எடுக்கவில்லை. தீபாவளிக்கு வரிசை இல்லை, பொங்கலுக்குச் சீர் இல்லை, பிள்ளை பிறந்ததற்கு எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் பவளக்கொடி. ஏழு வயசாகிறது, இன்னும் காது குத்தவில்லை. காது குத்தணும் என்றால் தாய்மாமன் மடி வேணும். அஞ்சப்பனின் சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள், ஒண்ணுவிட்ட மாமன் யாரையாவது பிடிக்கலாம் என்றார்கள், கோயிலில் சாமி மடி என்று நினைத்துக் குத்திவிடலாம் என்றார்கள். தையல்நாயகி அசையவில்லை. "எங்கண்ணன் மடியிலதான் எம்புள்ளைக்குக் காது குத்து. இல்லைன்னா மொட்டைக் காதோடவே கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போகட்டும்" என்றாள். அதனால் அந்தத் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகள் காதிலும் தோடு ஆடும்போது, பவளக்கொடி மட்டும் இரண்டு காதையும் தலைமுடிக்குள் ஒளித்துக்கொண்டு விளையாடுவாள்.

தையல்நாயகி சொன்னது உண்மைதான் என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. சேதி கொண்டுவந்தது பட்டம்மாவேதான். மீன் கூடையோடு நடுவாய்க்காலுக்குப் போனவள், விற்காத மீனோடு தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஏ சனங்களே, கேட்டீங்களா சங்கதியை! அங்க ஆத்தங்கரை காட்டாமணக்குப் பூவுல நம்ம கடல் தண்ணி வருதுடி! ஒருத்தியும் எங்கிட்ட மீன் வாங்கலை, பூவுலயே சென்னாக்குனி, அந்தப் பொடி இறாலு வருதாம், ஒருத்திக்கு உசுரோட ஒரு மத்தி வந்துச்சாம், எம்பொழைப்புல மண்ணு!"

நெய்வேலிக் காட்டாமணக்கு என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த செடிதான் அது. பேர்தான் ஆமணக்கு, ஆமணக்குக்கும் அதற்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. எங்கிருந்தோ வந்து வாய்க்காலில் நின்றுகொண்டது, ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்தது, வெட்டிப் போட்ட துண்டெல்லாம் திரும்ப முளைத்தது, மங்கையாற்றை நடுவாய்க்காலோடு அடைத்துக்கொண்டது. வரைபடத்தில் மங்கையாறு கோடிமணலில்தான் கடலில் விழுகிறது. ஆனால் காட்டாமணக்கு மறித்த நாள் முதல் அந்த ஆற்றின் ஒரு சொட்டுகூடக் கோடிமணலுக்கு வந்ததில்லை. தண்ணீரை மறித்ததும் அந்தச் செடிதான், இப்போது பூவழியே அனுப்பிவைப்பதும் அந்தச் செடிதான்.

நடுவாய்க்காலும் லேசுப்பட்ட ஊரா என்ன? முதல் நாள் பயந்தார்கள், பூ வாடி விழுந்தால் உப்பு வயலில் இறங்குமே என்று. அப்புறம் விடிகாலையிலேயே பூவெல்லாம் பறித்துத் தாம்பாளங்களில் கவிழ்த்துக் கல்திண்டில் காயவைத்தார்கள், சாயங்காலம் உப்பைச் சுரண்டி எடுத்தார்கள். ஊறுகாய் போட்டார்கள். மாங்காய் போய் எலுமிச்சை போய் நார்த்தங்காய் போய், கடைசியில் ஊறவைக்க எதுவுமே இல்லாமல் கத்தரிக்காயை ஊறவைத்தார்கள். கடலையே பார்க்காத பிள்ளைகள் பூவைக் காதில் வைத்துக்கொண்டு அலைச் சத்தம் கேட்டார்கள். குனிந்து களை பறிக்கிற பெண்கள் கொண்டையில் ஒரு பூவைச் செருகிக்கொண்டால் கடல்காற்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டு ஊர்க்காரர்களும் எதிரெதிரே நின்று பூக்களைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. செடியைப் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, ஒன்று மணலோடு மணலாகத் தவழ்ந்து போகிறது. ஒன்றின் இலை வெற்றிலையை இழுத்துவிட்டாற்போல நீளம், இன்னொன்றின் இலை ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்தது. ஆனால் பூவைப் பறித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று பறித்தவளுக்கே குழப்பம். இரண்டுக்கும் காம்பைக் கிள்ளினால் பால், இரண்டும் விடியலில் விரியும், இரண்டும் உச்சியில் சுருங்கும். "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க" என்று தீர்மானித்தார்கள். "ஒண்ணை ஆத்துக்குக் கட்டிக் கொடுத்துட்டாங்க, ஒண்ணைக் கடலுக்குக் கட்டிக் கொடுத்துட்டாங்க. இப்ப ஒண்ணுக்கொண்ணு சீர் அனுப்பிக்குதுங்க." இதைக் கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள், தையல்நாயகி மட்டும் வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நம்ம ஆட்கள் விடுவார்களா? இரண்டு என்று ஒன்று இருந்துவிட்டால் அதில் எது உசத்தி என்று பார்க்காமல் நமக்குச் சோறு இறங்காதே. கோடிமணல் மாரியம்மன் திருவிழா வந்தது, திருவிழா என்றால் பட்டிமன்றம், பட்டிமன்றம் என்றால் தலைப்பு. வழக்கமாகக் கணவனா மனைவியா, கிராமமா நகரமா என்று போடுகிறவர்கள், அந்த வருஷம் போஸ்டர் அடித்தார்கள்: 'மக்களுக்குப் பெரிதும் துணை நிற்பது ஆற்றங்கரைக் காட்டாமணக்கே! கடற்கரை அடம்பே!' நடுவர் புலவர் அருட்செல்வன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்று பேர் வாங்கிய மனிதர். ஊருக்கு ஒருத்தர் பேசணும் என்று முடிவானது.

நடுவாய்க்கால் உத்திராபதியை அனுப்பியது. மைக் இல்லாமலே வயலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற தொண்டை அவருக்கு. கோடிமணலில் யார் பேசுவது என்று கூட்டத்தில் கேட்டபோது, தையல்நாயகி எழுந்தாள்.

"நான் பேசுறேன். ரெண்டு செடியையும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

அஞ்சப்பன் வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "இந்தா புள்ள, அந்தப் பக்கம் உங்கண்ணன்தான் பேசுறாராம், தெரியுமா?"

"தெரியும்" என்றாள் தையல்நாயகி. "மேடையில எதிர்ல உக்காந்துட்டா என்னைப் பார்த்துத்தானே ஆகணும்."

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் பொழுது இருக்கும்போதே கோயில் திடல் நிரம்பிவிட்டது. நடுவாய்க்கால் சனம் இரண்டு டிராக்டரில் வந்து இறங்கியது. மேடையில் ஒரு பக்கம் தொட்டியில் காட்டாமணக்கு, ஒரு பக்கம் தட்டில் அடம்பு, நடுவில் புலவர். உத்திராபதி வெள்ளை வேட்டி சட்டையில் மேடை ஏறினவர், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார். இறங்கிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு டிராக்டர் சனம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எப்படி இறங்குவது? உட்கார்ந்தார், கூரையைப் பார்த்தார்.

"நடுவர் அவர்களே!" என்று ஆரம்பித்தார் பாருங்கள், ஒலிபெருக்கி கீச்சிட்டது. "எங்கள் காட்டாமணக்கு நிமிர்ந்து நிற்கிற செடி. நின்ற இடத்தில் நிற்கும், வெட்டினாலும் அதே இடத்தில் முளைக்கும். கரை சரியாமல் பிடித்துக்கொள்ளும். வேலியாக நிற்கும், விறகாக எரியும். ஆனால் எதிரணியில் பேச வந்திருக்கிற அம்மையார்," என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார், "அம்மையார் ஆதரிக்கிற கொடி இருக்கிறதே, அது இன்றைக்கு இங்கே இருக்கும், நாளைக்கு எங்கே ஓடும் என்று யாருக்கும் தெரியாது! வளர்த்த வேர் பின்னால் கிடக்கும், கொடி எங்கேயோ போய்ப் புதுசாக வேர்விட்டுக்கொண்டு நிற்கும்! சொல்லிக்கொள்ளாமல் ஓடுகிற கொடிக்கு என்ன பெருமை, நடுவர் அவர்களே?"

நடுவாய்க்கால் பக்கம் விசில் பறந்தது. தையல்நாயகி எழுந்தாள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நடுவர் அவர்களே, சபையில் இருக்கிற பெரியவர்களே. அடம்பு ஓடுதுங்கிறாங்க. ஓடலை. புயல் அடிக்கும்போது இந்த மணல் மேடு கடலுக்குப் போகாம இருக்குன்னா, அடம்பு முட்டி போட்டு முட்டி போட்டு ஒவ்வொரு கணுவுலயும் வேர்விட்டுப் பிடிச்சிருக்கு, அதனாலதான் இருக்கு. சொறி மீனு பட்டு எரிஞ்சா இதோட இலையைத்தான் வாட்டிக் கட்டுறோம். எதிரணியில் பேசிய ஐயா ஆதரிக்கிற செடி என்ன பண்ணுது? தின்ன ஆடு தலை சுத்தி விழுது. ஆத்துக்கு நடுவுல நிக்குது. நிமிர்ந்துதான் நிக்குது, யாரு இல்லைன்னா? வர்ற தண்ணியை மறிச்சுக்கிட்டு நிமிர்ந்து நிக்குது! கீழ ஒரு ஊரு காயுதேன்னு, அங்க ஒரு சின்னப் புள்ள காத்துக்கிட்டு இருக்குதேன்னு, கொஞ்சமாச்சும் வளைஞ்சு வழி விட்டுச்சா? கேட்டுச் சொல்லுங்க நடுவர் அவர்களே."

உத்திராபதி கூரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் புலவர் மணியை அடித்துவிட்டார். அவருக்கு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். இரண்டு பக்கமும் நாலு ஜோக் சொல்லிவிட்டு, தனக்குச் சால்வை போட்டது கோடிமணல்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, "ஆகவே, துணை நிற்பது அடம்பே, அடம்பே என்று தீர்ப்பளித்து விடைபெறுகிறேன்" என்றார். வெடி போட்டார்கள். தையல்நாயகிக்கு மாலை போட்டார்கள். மாலைக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பதற்குள் அண்ணன் டிராக்டரில் ஏறிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை அடம்பம்பூக்கள் விரிந்தன, ஒன்றிலும் தண்ணீர் இல்லை. எறும்புதான் இருந்தது. நடுவாய்க்காலில் காட்டாமணக்குப் பூ ஒன்றிலும் உப்பு இல்லை.

ஐயோ, அன்றைக்குக் கோடிமணல் பட்ட பாடு! குடத்தை வைத்துக்கொண்டு கொடிக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தி பூவை ஊதிப் பார்க்கிறாள், ஒருத்தி தட்டிப் பார்க்கிறாள். "கோச்சுக்கிச்சுடி" என்றாள் பட்டம்மா. "கூடப் பொறந்தவளை மேடையில ஏத்தித் தோக்கடிச்சா எவளுக்குத்தான் ரோஷம் வராது? தோத்தவளும் கோச்சுக்கிட்டா, ஜெயிச்சவளும் கோச்சுக்கிட்டா." பஞ்சாயத்தார் அலறிப்போய்ப் புலவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். அவர் அடம்புக்கு முன்னால் நின்று, தீர்ப்பு தவறு, இரண்டும் சமம், இரு கண்களில் எது உசத்தி என்றெல்லாம் மைக்கில் சொன்னார். பூக்கள் உச்சி வேளைக்கு முன்பே சுருங்கிக்கொண்டன. பாயசம் வைத்துப் படைத்தார்கள், பட்டுத்துண்டு போர்த்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் லாரி மறுபடி ஊருக்குள் வந்தது, குடங்கள் மறுபடி நெளிந்தன. நல்ல தண்ணீருக்குப் பழகிய நாக்குக்கு உப்புத் தண்ணீர் முன்னைவிட இரண்டு மடங்கு கரித்தது.

தையல்நாயகிக்கோ, மேடையில் அண்ணன் வாய் திறந்ததே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. என்ன சொல்ல வந்திருப்பார் என்று அடுப்பு முன்னால் யோசித்தாள், மீனை ஆய்ந்துகொண்டே யோசித்தாள், பவளக்கொடிக்குத் தலை வாரும்போது அந்த மொட்டைக் காதுகள் கையில் பட்டன. ஒருநாள் சீப்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, சொந்தக்காரங்க கோச்சுக்கிட்டா என்ன பண்ணுவோம்?"

அஞ்சப்பன் வலையிலிருந்து நிமிர்ந்தான். "நேர்ல போயி வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடுவோம்."

"அதைத்தான் பண்ணப் போறேன்."

புதுச் சேலை கட்டிக்கொண்டாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் வைத்தாள், நடுவில் ஒரு அடம்பங்கொடியைச் சுருட்டி வைத்தாள். பட்டம்மா, "எங்கடி போறே?" என்றாள். "பவளத்துக்குக் காது குத்து. தாய்மாமனைக் கூப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். அவள் பின்னாலேயே பட்டம்மா ஏறினாள், பட்டம்மா பின்னால் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேர் ஏறினார்கள்.

நடுவாய்க்காலில் இறங்கினவள் அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் போகவில்லை. நேராக ஆற்றங்கரைக்குப் போனாள். படித்துறையில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னாரே, அந்தப் படித்துறையிலேயே இறங்கினாள், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு காட்டாமணக்குப் புதருக்கு முன்னால் தாம்பாளத்தை நீட்டினாள்.

"இத பாரு" என்றாள், துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "மேடையில உன்னை நான் பேசிட்டேன். தப்புதான். ஆனா பொறந்த வீட்டுலேருந்து எனக்கு வந்த ஒரே சீரு நீ அனுப்பின தண்ணிதான். வேற யாரும் ஒண்ணும் அனுப்பலை. வர்ற வெள்ளிக்கிழமை எம்புள்ளைக்கு இந்தத் துறையிலயே காது குத்தப் போறேன். நீதான் தாய்மாமன். உன் மடியிலதான் புள்ளையை உக்காத்தி வெப்பேன். வந்தா வா, வராட்டி நான் வர்றேன்."

தாம்பாளத்தைப் புதரின் கவட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அடுத்த அரைமணியில் அந்தச் சேதி நடுவாய்க்காலை இரண்டு சுற்று சுற்றிவிட்டது. உத்திராபதி டீக்கடைக்குப் போனார், சிரிப்பு. நெல் அரவைக்குப் போனார், சிரிப்பு. "என்ன உத்திராபதி, உனக்குப் பதிலா ஒரு புதரை மாமனாக்கிட்டாளாமே உன் தங்கச்சி? வேட்டி எடுத்துக் கொடுத்தாளா செடிக்கு?" என்று ஒருத்தர் கேட்டார். அவர் பெண்டாட்டி குஞ்சம்மாள் சோறு போட்டுக்கொண்டே, "நல்ல மாமன்தான் பிடிச்சிருக்கா. அதாவது பூவாவது பூக்கும்" என்றாள். உத்திராபதி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மங்கையாற்றங்கரை திருவிழாவாக இருந்தது. கோடிமணலே கிளம்பி வந்திருந்தது, நடுவாய்க்கால் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது, மேளம் கூப்பிடாமலே வந்திருந்தது. காட்டாமணக்குக்குப் பட்டுத்துண்டு கட்டி, வளைந்த கிளையில் ஒரு மெத்தையைப் போட்டு மடி தயார் செய்திருந்தார்கள். பவளக்கொடி பச்சைப் பாவாடையில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு, இனிமேல் காதை ஒளித்துக்கொள்ள முடி இல்லாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, செடிக்கு நான் கனமா இருக்க மாட்டேனா?"

"தாங்கும், வா" என்றாள் தையல்நாயகி. உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும், இந்தக் கிளை தாங்காது. உள்ளே குழல் மாதிரி வெற்றுத் தண்டு, காற்றுக்கே வளையும்.

பத்தர் கம்பியை எடுத்துக்கொண்டு வழக்கப்படி கேட்டார்: "தாய்மாமன் யாருங்க? மடியைக் காட்டுங்க."

தையல்நாயகி புதரைக் காட்டினாள். பத்தருக்கு வாய்க்குள் சிரிப்பு. இருந்தாலும் முறை முறைதானே, இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். "தாய்மாமன் யாருங்க?"

"யோவ் பத்தரே, உமக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

கூட்டம் திரும்பியது. வரப்பு மேல் உத்திராபதி ஓடிவந்துகொண்டிருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் மண்வெட்டி, மேலே சட்டை இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படித்துறையில் இறங்கினார். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கையில எந்தங்கச்சி புள்ளைக்கு ஒரு காட்டாமணக்கு மாமனா? அடிச்சு முதுகைப் பொளந்துடுவேன், யாரு மெத்தை போட்டது இதுக்கு?" என்று மெத்தையைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். எறிந்துவிட்டு அதன் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார், சேற்றுத் தொடையைக் கையால் துடைத்தார், இரண்டு கையையும் நீட்டினார்.

"கொடு தையலு. புள்ளையை எங்கிட்ட கொடு."

தையல்நாயகி கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள், பட்டம்மா கூட உட்கார்ந்து அழுதாள், குஞ்சம்மாள் ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு, அவர்களை விடச் சத்தமாக அழுதாள்.

பவளக்கொடி புது மடியில் நெளிந்தாள். "மாமா, வலிக்குமா?"

"வலிக்கும்டா" என்றார் உத்திராபதி. "என்னை நல்லா கடிச்சுக்க."

பத்தர் கம்பியை ஏற்றினார். பவளக்கொடி போட்ட சத்தத்தில் நாரைகள் பறந்தன, அவள் மாமன் கையில் பல் பதித்தாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அதே நேரத்தில் கரை நெடுகக் காட்டாமணக்குப் பூக்கள் அத்தனையும் தளும்பின, கடல் தண்ணீர் வழிந்து எல்லோர் தலையிலும் கொட்டியது, ஒரு சின்ன நண்டு பத்தரின் மேல்துண்டில் விழுந்து ஓடியது. கோடிமணலில் காவலுக்கு இருந்த நாலு கிழவர்கள், அடம்பு பொங்கி மணலெல்லாம் நனைகிறது, ஓடிவாங்க என்று போன் போட்டார்கள்.

"மாமா வந்தாச்சு, சீர் எங்க?" என்று யாரோ கிண்டலாகக் கேட்டார்கள். உண்மைதான், தாய்மாமன் வெறுங்கையோடு வந்திருந்தார். உத்திராபதி சுற்றுமுற்றும் பார்த்தார். பிள்ளையைத் தங்கையின் மடியில் இறக்கிவைத்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றின் நடுவில் இறங்கினார்.

"கரையில இருக்கிறது இருக்கட்டும், அது மாமன் முறையாயிடுச்சு" என்றார். "நடுவுல நிக்கிறதை மட்டும் எடுக்குறேன்." முதல் புதரை வேரோடு பெயர்த்து மேட்டில் எறிந்தார்.

அப்புறம் அஞ்சப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு கத்தியோடு இறங்கினான். மச்சானைப் பார்க்காமலே உத்திராபதி, "அந்தக் கத்தியை இப்படிக் கொடுங்க மாப்பிள்ளை" என்றார். மறுநாள் கோடிமணல்காரர்கள் கடல் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு மேலே வந்தார்கள், நடுவாய்க்கால்காரர்கள் கீழே போனார்கள், வெட்டின துண்டு ஒன்றுகூட ஆற்றில் விழாமல் பெண்கள் பொறுக்கிக் கரையேற்றினார்கள்.

மங்கையாறு கோடிமணலுக்கு வந்தபோது பவளக்கொடியின் காது இன்னும் வீங்கித்தான் இருந்தது. செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது, மேலே கரையோரக் காட்டாமணக்குப் பூக்கள் மிதந்து வந்தன, வந்து அடம்பு படர்ந்திருந்த மணலில் ஒதுங்கின. அந்தப் பூவையும் இந்தப் பூவையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அடம்பம்பூக்களில் தண்ணீர் இல்லை, யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. எல்லோரும் குடத்தோடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைக் கொண்டாட வேணாமா? அடுத்த திருவிழாவுக்குப் புலவரையே கூப்பிட்டு, ஆறா கடலான்னு..." என்று ஆரம்பித்தார்.

பட்டம்மா நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "ஆறா கடலான்னு இன்னொரு வார்த்தை பேசின, இந்தக் குடம் உன் மண்டையில இருக்கும்" என்றாள்.

தையல்நாயகி இது எதையும் கேட்கவில்லை. அவள் ஆற்றில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அண்ணன் பவளக்கொடியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார், குழந்தை வெயிலில் பளபளக்கிற தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.